அம்மனுக்கு முதுகு காட்டலாமா பாஸ் கிட்டார்?

போன வாரம் என் முன்னால் ஒரு வழக்கு வந்தது.

அம்மனுக்கு முதுகு காட்டியபடி நின்று பாஸ் கிட்டார் வாசிக்கலாமா, கூடாதா?

சிரிக்காதீர்கள். மல்லசமுத்திரத்துக்கு அருகே ஒரு கிராமம். மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா. மேடைக்கு முன்னால் ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறது. அத்தனை பேர் முன்னிலையில், மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, கோயில் தர்மகர்த்தா ராசப்பன் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது.

என்னை ஏன் கேட்டார்? சற்று முன்புதான் இறைவணக்கமாக நான் ஒரு பதிகம் பாடி அமர்ந்திருந்தேன். பதிகம் பாடத் தெரிந்தவனுக்குச் சாத்திரமும் தெரிந்திருக்கும் என்பது ஊராரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் எக்காலத்திலும் மறுத்ததில்லை. மறுத்தால் மரியாதை குறையும் அல்லவா?

முதுகு காட்டி நின்றவரோ... என் சொந்த மாப்பிள்ளை!

இனி, முறையாகத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

என் மாப்பிள்ளை குமரவேல் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையொன்றில் சூப்பர்வைசர். அது பகல் வேலை. மாலையானால் ஒரு மெல்லிசைக் குழுவில் பாஸ் கிட்டார் வாசிப்பவர். நான்கே தந்திகள், ஒவ்வொன்றும் கட்டைவிரலில் பாதி தடிமன். அதிலிருந்து எழும் ஒலி காதுக்குள் நுழைவதில்லை, வயிற்றுக்குள் நுழைகிறது. தம்புராவுக்குத் தொப்பை விழுந்தால் எப்படி ஒலிக்குமோ, அப்படி.

எனக்கு அது பிடிக்கும். இதை எழுதுவதால் எங்கள் சேலம் அஸ்தம்பட்டி பஜனைக் குழுவில் இரண்டு பேர் என்னோடு பேச மாட்டார்கள். பேசாவிட்டால் போகட்டும். அடியில் நின்று தாங்கும் சுருதி இல்லாமல் மேலே எந்தப் பண் நிற்கும்?

குழுவின் உரிமையாளர் சம்பத். கீபோர்டு வாசிப்பவரும் அவரே. ஒரு மாதத்துக்கு முன் மாப்பிள்ளையை அழைத்து, அவர் ஒரு குண்டைப் போட்டார்.

“குமாரு, உன்ற பாஸ் வெளியவே கேக்க மாட்டேங்குது. அண்டாவுக்குள்ள தலைய உட்டுப் பேசறாப்புல இருக்குது. மல்லசமுத்திரம் புரோகிராம்ல சரியா வரலீன்னா... அப்புறம் என்ற இடது கையே பாத்துக்கும்.”

இதன் பொருள் தெரியாதவர்களுக்காக: கீபோர்டில் இடது கையால் கீழ்ச் சுரங்களை அழுத்தினால், பாஸ் கிட்டார் போன்றே ஓர் ஒலி வரும். பல குழுக்களில் பாஸ் கிட்டார்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த வேலையை இடது கைக்குக் கொடுத்துவிட்டார்கள். இடது கை சாப்பாடு கேட்பதில்லை. வேனில் இடமும் கேட்பதில்லை.

மாப்பிள்ளை அன்று இட்லியைத் தொடவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறை வேலை போனால்கூட அவர் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். “மேடையில நிக்கறதுக்குத்தான் மாமா நான் மத்த நாளெல்லாம் நடமாடறேன்” என்றார்.

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அதன் பெயர் ப்ரீஆம்ப். அதிலும் ஸ்டுடியோ ப்ரீஆம்ப்!

இந்தக் கருவியை உங்களுக்கு எப்படி விளக்குவது? பிரதோஷத்தன்று நந்தியின் காதில் போய் நம் குறையை முணுமுணுக்கிறோம். நம் முணுமுணுப்பு கருவறை வரை எட்டாது. நந்தி அதைக் காதில் வாங்கி, தெளிவுபடுத்தி, உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி எடுத்துச் சொல்கிறார். ப்ரீஆம்பும் அதைத்தான் செய்கிறது. கிட்டார் தந்தியின் மெல்லிய அதிர்வை வாங்கி, பெரிதாக்கி, பின்னால் இருக்கும் பவர் ஆம்ப் என்னும் பெரியவரிடம் சேர்ப்பிக்கிறது.

மேடையில் வைக்கும் சாதாரண ஆம்பிலும் ஒரு நந்தி உண்டு. ஆனால் அவர் சற்று மந்தமான நந்தி. பாதியைக் கேட்பார், பாதியை விட்டுவிடுவார். ஒலிப்பதிவுக் கூடத்து நந்தியோ வேறு ரகம். ஊசி விழும் ஓசையையும் பதிவு செய்யவே பிறவி எடுத்தவர். உள்ளே, பழைய ரேடியோவில் இருந்தது போன்ற கண்ணாடி வால்வு செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும். பார்த்தால் கற்பூர ஆரத்தி போலவே இருக்கும். நான் ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளை பார்க்காதது போல இருந்துவிட்டார்.

சேலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டாராம். அலமாரியில் சும்மா கிடந்த இந்த ப்ரீஆம்பை, “எடுத்துட்டுப் போய் வாசி” என்று மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டார்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துத்தான் முதல் ஒத்திகை. மாப்பிள்ளை ஒரே ஒரு தந்தியைத் தட்டினார்.

சிவ சிவா!

மேகம் தரையில் இறங்கி வந்து நம்மிடம் நலம் விசாரிப்பது போல் இருந்தது. ஒலி உருண்டையாக, கனமாக, அதே சமயம் ஓரம் கலையாமல் வந்தது. விரல் தந்தியைத் தொடுவது தெரிந்தது, விடுவதும் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சமையலறையில் என் மகள் அமுதா, “அப்பா, எவர்சில்வர் தட்டெல்லாம் தானா நடக்குது!” என்று கத்தினாள்.

இவ்வளவு நுட்பமான கருவியை வேனில் ஏற்றி, வேகத்தடைகளைத் தாண்டி ஊர் ஊராக எடுத்துச் செல்ல வேண்டுமே? அதற்கு ஒரு பெட்டி வேண்டும். மாப்பிள்ளை தம் பட்டறைக்காரர்களிடமே செய்யச் சொன்னார். லாரி கட்டுகிற கைகள் பெட்டி கட்டினால் எப்படி இருக்கும்? ஆங்கிள் இரும்புச் சட்டம். தடித்த தகடு. கொண்டியும் சங்கிலியும். தார்ப்பாய் கட்ட வளையங்கள். ஏழு டன் வெங்காயத்தை அதன் மேல் ஏற்றினாலும் தாங்கும். பின்பக்கம் சிவப்பில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்.

“இது எதுக்கு மாப்ளே?”

“சொல்லலீங்க மாமா. பழக்கத்துல அவங்களே ஒட்டிட்டாங்க.”

உள்ளங்கை அகல வால்வைக் காக்க, நான்கு பேர் தூக்கும் பெட்டி! திருவிழாவில் அதைச் சுமந்துகொண்டு போனபோது, உற்சவர் எழுந்தருளுகிறார் என்று நினைத்து ஒரு மூதாட்டி வழி விட்டு நின்றார்.

சரி, நோம்பிக்கு வருவோம்.

மேடைக்கு நேர் எதிரே கோயில். நடுவில் கூட்டம். கோயில் வாசலில் பனை உயரத்துக்கு, சீரியல் விளக்குகளால் ஆன அம்மன். கண் சிமிட்டுவாள், சூலத்தை உயர்த்துவாள், சிங்கம் வாயைத் திறந்து மூடும். ஜெனரேட்டர் மேடைக்குப் பின்னால் நின்றது. எனவே அம்மனுக்குப் போகும் ஒயர்க் கத்தை முழுவதும், அவளைக் கண் சிமிட்ட வைக்கும் பெட்டியும், மேடையின் முன்விளிம்பை ஒட்டியே கிடந்தன.

நான் பதிகம் பாடி முடித்தேன். கைதட்டல். மாப்பிள்ளை முன்னால் வந்து, கிட்டாரின் ஒயரைச் செருகினார்.

“ம்ம்ம்ம்ம்ம்ம்ம்...”

எங்கிருந்தோ ஓர் ஆழ்ந்த நாதம் எழுந்தது. முடிவில்லாமல் நீண்டது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கைகூப்பினார். பின்னால் ஒருவர் “ஓம் சக்தி!” என்றார். என் பதிகத்தின் பலன்தான் பிரணவமாக ஒலிக்கிறது என்று நானும் ஒரு கணம்... சரி, அதை விடுங்கள்.

நாதத்தின் மூலம் மாப்பிள்ளையின் பெட்டி. அம்மனின் ஒயர்களில் ஓடும் மின்சாரத்தைக் கிட்டாரின் காந்தச் சுருள்கள் முகர்ந்து பிடித்தன. பழைய நந்தியாக இருந்தால் அதைக் காதிலேயே போட்டுக்கொண்டிருக்க மாட்டார். இவரோ ஸ்டுடியோ நந்தி. ஒன்று விடாமல் கேட்டு, அதையும் தெளிவுபடுத்தி, ஊருக்கே எடுத்துச் சொல்லிவிட்டார்!

கூர்மையான காதால் வரும் தொல்லை இதுதான். கல்யாண வீடுகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது பந்தியில் யாரோ முணுமுணுத்ததை முதல் பந்தியிலிருந்தே கேட்டுவிடும் அத்தை ஒருவர் எந்தக் குடும்பத்தில் இல்லை? கேட்டதை அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னதுண்டா?

சம்பத் தம் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். இடது கையை உயர்த்தி, விரல்களை மெல்ல மடக்கி விரித்தார். அவ்வளவுதான்.

மைக்செட்காரர் ஓடி வந்தார். “அந்த அம்மனைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுனா நின்னுருமுங்க.”

“என்னப்பா சொன்ன?” தர்மகர்த்தா எழுந்தேவிட்டார். “நோம்பி அன்னிக்கு அம்மனை ஆஃப் பண்றதா? உன்ற ஊட்டுல போய் ஆஃப் பண்ணு!”

மாப்பிள்ளை கிட்டாரோடு இப்படி அப்படி நகர்ந்து பார்த்தார். இரண்டடி இடது பக்கம் — “ம்ம்ம்.” இரண்டடி வலது பக்கம் — “ம்ம்ம்.” திரும்பி, ஒயர்களுக்கு முதுகைக் காட்டிப் பின்னால் நகர்ந்து நின்றார். உடம்பு மறைத்ததோ, தூரம் உதவியதோ, நான் அறியேன். சட்டென்று அமைதி! நிம்மதியில் அவர் தோள் தளர்ந்தது எனக்குத் தெரிந்தது.

ஆனால் ஒயர்களுக்கு முதுகு என்றால் யாருக்கு முதுகு? எதிரே இருப்பவள் யார்?

அப்போதுதான் மைக்கைப் பிடித்தார் தர்மகர்த்தா.

“ஏனுங்க சாமி, நீங்க படிச்சவிய, பாட்டுப் பாடறவிய. நீங்களே சொல்லுங்க. அம்மனுக்கு முதுகக் காட்டீட்டு நின்னு வாசிக்கறது நாயமுங்களா?”

கூட்டம் என்னைப் பார்த்தது. மாப்பிள்ளையும் கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். என் மகள் முதல் பாயில் உட்கார்ந்து, கண்ணாலேயே, “அப்பா, ஏதாவது செய்யுங்க” என்றாள்.

நான் மனத்துக்குள் தேடினேன். நான் கற்ற பக்திப் பாடல்களில் அடியார்கள் நின்றிருக்கிறார்கள், ஆடியிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள், மண்ணில் புரண்டிருக்கிறார்கள். முதுகு காட்டிய ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை! கூடாது என்றால் மாப்பிள்ளையின் பிழைப்புக்கல்ல, உயிருக்கே கேடு. கூடும் என்றால் பதிகத்துக்குத் துரோகம்.

“அது வந்து...” என்றேன். மைக் அதைத் தெளிவாக ஊருக்குச் சொன்னது.

இந்த இக்கட்டில் மாப்பிள்ளைக்குத் தெம்பு போய்விட்டது. “ஒண்ணும் வேண்டாம் மாமா, உடுங்க” என்று சொல்லி, கிட்டாரைக் கழற்றக்கூடத் தோன்றாமல், மேடையிலேயே மல்லாந்து படுத்துவிட்டார். தலை பின்பக்கம், கால் கூட்டத்தின் பக்கம். கிட்டார் வயிற்றின் மேல் வானத்தைப் பார்த்துக் கிடந்தது.

அமைதி. அம்மன் கண் சிமிட்டுகிறாள், சிங்கம் வாயைத் திறக்கிறது... பெட்டியிலிருந்து ஒரு முனகலும் இல்லை.

“அட! நின்னு போச்சுங்க!” என்றார் மைக்செட்காரர்.

மாப்பிள்ளை படுத்தபடியே ஒரு தந்தியைத் தட்டினார். அஸ்தம்பட்டியில் இறங்கிய அதே மேகம், மல்லசமுத்திரத்திலும் இறங்கியது. பாயில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எழுந்து உட்கார்ந்தன.

“இருங்க, இருங்க!” தர்மகர்த்தா விடவில்லை. “காலு அம்மன் பக்கம் நீட்டியிருக்குதே! அதுக்கு முதுகே தேவலையே!”

நியாயம்தானே? நான்கு பேர் ஏறி மாப்பிள்ளையைத் திருப்பிப் போட்டார்கள். பெட்டி தூக்கிய அதே நான்கு பேர். அந்தப் பெட்டிக்கு இவர் எவ்வளவோ தேவலாம் என்று பேசிக்கொண்டே திருப்பினார்கள். இப்போது தலை அம்மன் பக்கம். ஆனால் கூட்டத்துக்குத் தெரிந்தது அவருடைய உச்சி வழுக்கை மட்டுமே. அதில் சீரியல் விளக்கு சிவப்பும் பச்சையுமாக மின்னியது.

“ஆளே தெரியலையப்பா!” என்று குரல் எழுந்தது.

சரி, குறுக்கே போடுவோம் என்று கிழக்கே தலை வைத்துப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில், தற்செயலாக, நான் பாடும்போது ஏற்றிய குத்துவிளக்கு. பக்கத்தில் எனக்குப் போட்ட மாலை.

“அடக் கடவுளே! நல்ல நாள் அதுவுமா என்னடா இப்படிக் கெடத்தியிருக்கீங்க!” என்று ஓர் அம்மாள் வாயில் அடித்துக்கொண்டார். என் மகள் எழுந்து நின்றே விட்டாள்.

அந்தக் கணத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. மேடையேறினேன். மாலையையும் விளக்கையும் அப்புறப்படுத்தினேன். லாரிப் பட்டறைப் பெட்டியை இழுத்து வரச் சொல்லி, மாப்பிள்ளையின் தலைக்கு அணையாகக் கொடுத்தேன். தலை உயர்ந்தது. ஒரு முழங்காலைச் சற்று மடக்கச் சொன்னேன். முகத்தை மட்டும் கூட்டத்தை நோக்கித் திருப்பினேன். கிட்டாரின் நீண்ட ஒயர் அவர் தலைமாட்டில் சுருள் சுருளாகக் கிடந்தது.

விலகி நின்று பார்த்தேன். உங்களுக்கே புரிந்திருக்கும்.

“ஊர்ப் பெரியோர்களே!” என்றேன். “நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று மூன்று திருக்கோலங்களையும் நம் முன்னோர் பாடிப் பரவியிருக்கிறார்கள். இது பள்ளிகொண்ட கோலம். இதில் முதுகு காட்டுதல் இல்லை. அம்மனை நோக்கிக் கால் நீட்டுதலும் இல்லை. இதைக் குற்றம் சொன்னால் பெருமாளையே குற்றம் சொன்னதாகும்!”

கூட்டம் தர்மகர்த்தாவைப் பார்த்தது. அவர் மோவாயைச் சொறிந்தார்.

“பெருமாள் கோலம்... மாரியம்மன் நோம்பியிலயா?”

அவரே சற்று யோசித்தார். முகம் மலர்ந்தது.

“அட, பெருமாளு நம்ம அம்மனுக்கு அண்ணன் ஆச்சுங்களே! தங்கச்சி ஊட்டு நோம்பிக்கு அண்ணன் வந்து காலை நீட்டிப் படுத்திருக்காருன்னு வெச்சுக்கலாமுங்க. அண்ணன் படுக்காம ஆரு படுப்பா? வாசிங்க சாமி, வாசிங்க!”

இத்தனை வருடம் பாடியும் எனக்குத் தோன்றாத விளக்கம்! நான் கைகூப்பினேன்.

முதல் வரிசையில் ஒரு கிண்டல்காரர், என் மகளைப் பார்த்து, “அம்மணி, நீங்க போய்க் கால்மாட்டுல உக்காந்து காலைப் பிடிச்சுடுங்க, கோலம் முழுசாயிரும்” என்றார்.

“ஊட்டுலயே பிடிக்கறதில்லீங்க!” என்றாள் அமுதா. அன்றைய மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

பிறகு கச்சேரி நடந்தது. அதை எப்படிச் சொல்வேன்? மாப்பிள்ளை கிடந்தார், பாஸ் நின்றது. தவில்காரரின் அடியும் அந்த நாதமும் கைகோத்துக்கொண்டு போனபோது, கரகம் எடுத்து வந்தவர் மேடைக்கு முன்னால் நின்று ஒரு சுற்று கூடுதலாக ஆடினார். ஸ்டுடியோ நந்தி அன்று சொன்னதெல்லாம் சத்தியம். தந்தி சொன்னதை மட்டுமே சொன்னார். ஒரே குறை: வால்வின் சூடு பெட்டியின் தகடு வழியாக மாப்பிள்ளையின் பிடரியில் ஏறியது. மூன்று பாட்டுக்கு ஒருமுறை ஈரத் துண்டு போட்டோம். பார்த்தவர்கள் அதையும் அபிஷேகம் என்றார்கள்.

முடிந்ததும் சம்பத் வந்தார். நானும் மகளும் அருகே போய் நின்றோம்.

“குமாரு, பாஸ் இன்னிக்குத்தான் பாஸ் மாதிரி இருந்துச்சு” என்றார். “இனி எல்லா ஊருக்கும் நீ வாரே. ஆனா ஒரு கண்டிசன்... படுத்துத்தான் வாசிக்கோணும்.”

“அண்ணா, அங்க சீரியல் லைட்டோட ஒயர் கிட்டத்துல இருக்காதுங்களே. நின்னே வாசிக்கலாமுங்களே?”

“லைட்டு இருக்குதோ இல்லையோ, நீ படுக்கோணும். கெங்கவல்லியில இருந்து இப்பத்தான் போன் வந்துச்சு. இங்க ஆரோ எடுத்து அனுப்புன வீடியோவப் பாத்துட்டாங்க. ‘படுத்துக்கிட்டு வாசிக்கிறாரே, அவரு வந்தாதான் புரோகிராம்’னு சொல்லிட்டாங்க. கீபோர்டு ஆருன்னு ஒருத்தரும் கேக்கல!”

கடைசி வாக்கியத்தில் சற்று ஏக்கம் இருந்ததாக எனக்குப் பட்டது. மாப்பிள்ளை அதைக் கவனிக்கவில்லை. பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஒரு கருவி எதற்கென்று செய்யப்பட்டதோ அந்த இடத்தை விட்டு வேறோர் இடத்துக்கு வரும்போது, அதற்கேற்ப நாம்தான் கொஞ்சம் வளைய வேண்டியிருக்கிறது. சிலர் தலையைக் குனிவார்கள். சிலர் மொத்தமாகப் படுத்துவிடுவார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இப்படித்தான் இந்தப் பத்தியை முடித்திருந்தேன். இன்று காலை மகள் போன் செய்தாள்.

“அப்பா, உங்க மாப்பிள்ளை சாப்பிட்டதுல இருந்து சோபாவுல காலை மடக்கிப் படுத்திருக்காரு. துணி காயப் போடக் கூப்பிட்டா, ‘பிராக்டிஸ் பண்றேன், உங்கப்பாகிட்டக் கேட்டுப் பாரு’ங்கறாரு. இது பிராக்டிஸாப்பா?”

மாடியில் டவர் கிடைப்பதில்லை என்று சொல்லி, போனை வைத்துவிட்டேன்.